நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி: மதுமிதாவுக்காகத் தேடிய ஒன்றரை மாதம்

பிறர் வாங்கவிருக்கும் பழைய வண்டியை, அவர்களுக்கு முன்பாகவே போய்ச் சந்தேகப்பட்டுவிட்டு வருவதுதான் என் தொழில்.

இயந்திரப் பொறியியல் படித்தேன். விபத்துக்குள்ளான வண்டிகளைக் காப்பீட்டுக்காக மதிப்பிடும் வேலையில் பதினேழு ஆண்டுகள் இருந்தேன். இப்போது டாக்குரியாவில் வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கிக்கொண்டு, பழைய வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதித் தருகிறேன். குறிப்பாக, மலையிலும் ஆற்றுப் படுகையிலும் ஓட்டுவதற்கென்று சிலர் தேடி வாங்கும் வண்டிகள். பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வகை. கொல்கத்தாவில் விற்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஸார் எப்ப வருவாரு?" என்பது. ஸார் வரமாட்டார். வருபவர் நிமாய்-தா, என் மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் என்னை அக்கா என்ற பொருளில் 'திதி' என்பார், நான் அவரை அண்ணன் என்ற பொருளில் 'தா' என்பேன். இந்த ஊரில் மரியாதை என்றால் இரண்டு பக்கமும் மூத்தவர்கள்தான்.

பழைய வண்டி வாங்கி ஒருமுறையாவது பட்டவர்கள் நீங்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். படாதவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை

பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில் மதுமிதா வந்தார். வயது இருபத்தொன்பது, சால்ட் லேக்கில் கணினி நிறுவன வேலை. பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்பதால் அவருடைய வாக்கியங்கள் தமிழில் புறப்பட்டு வங்காளத்தில் போய்ச் சேரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து அவருடைய ஸ்கூட்டரை உரசியதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது செயற்கைக் கால். கிளட்ச் இல்லாத வண்டியோ, கையால் இயக்கும் கிளட்ச் பொருத்திய வண்டியோ ஓட்டலாம் என்று ஓட்டுநர் உரிமத்தையும் திருத்தி வாங்கியிருந்தார். விபத்துக்கு முன், ஒவ்வொரு குளிர்காலமும் நண்பர் குழுவோடு புருலியாப் பக்கத்து மலைகளுக்குப் போய், மற்றவர்கள் தயங்கும் ஏற்றங்களில் வண்டியை ஏற்றிக் காட்டியவர் அவர். கடந்த இரண்டு குளிர்காலங்களிலும் அவர் வெறும் பயணி.

நண்பர்களின் டிசம்பர் மலை முகாமுக்குள் சொந்த வண்டி வேண்டும் என்றார். வழிகள் இரண்டு. இருபது வயதைத் தாண்டிய பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் கைக் கிளட்ச் பொருத்தலாம். அதில் எல்லாம் இரும்பும் பல்சக்கரமும்தான், எது கெட்டாலும் ஸ்பேனரால் பேசிக்கொள்ளலாம். அல்லது ஆறேழு வயதான ஆட்டோமேட்டிக் வாங்கலாம்; அதில் பாதி வேலையை மின்னணுக் கருவிகள் பார்த்துக்கொள்ளும், அவை மனம் மாறினால் காட்டில் நாம் கைபிசைந்து நிற்கலாம். எந்தெந்த வசதிகள் தேவை என்று பட்டியல் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"வசதி எல்லாம் நீங்க பாருங்க, ஆன்ட்டி. எனக்கு ஒண்ணுதான். நான் ஓட்டணும், நானே போய் மாட்டிக்கணும், நானே வெளியே வரணும். என்னைப் பத்திரமா உக்கார வைக்க ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்க."

சூடாக இருந்த பானட்

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் வருவதற்கு முன் இஞ்சினை இயக்கக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவைப்பேன். போனதும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பேன். குளிர்ந்த இஞ்சின் முதல் மூச்சில் எல்லா உண்மையையும் சொல்லிவிடும்; சூடுபடுத்திய இஞ்சின் விற்பவர் பக்கம் சேர்ந்துகொள்ளும். பேஹாலாவில் நாங்கள் பார்த்த முதல் ஜீப்பின் பானட் இட்லித் தட்டுப் போலச் சுட்டது. அப்படியே திரும்பினேன். இரண்டாம் முறையும் சூடு. வெயில் என்றார் உரிமையாளர். வண்டி நின்றது தகரக் கொட்டகைக்குள். மூன்றாம் முறை விடிந்ததும் போய் நின்றேன். உரிமையாளர் பல் துலக்கிக்கொண்டிருந்தார், பானட் சில்லென்றிருந்தது.

சாவியைத் திருப்பினால், அரைச் சுற்றில் உயிர் வந்தது. புகை இல்லை, நடுக்கம் இல்லை. இருபத்து மூன்று வயது இஞ்சின் அப்படி ஓடுவதை நான் அதிகம் கேட்டதில்லை; வியந்து நின்றுவிட்டேன். நிமாய்-தா அடியில் படுத்திருந்தார். "திதி, கொஞ்சம் குனியுங்க" என்றார். இஞ்சினையும் உடலையும் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டமான சேஸிஸ் மீது என் காந்தத்தை வைத்தேன். அது ஒட்டாமல் விழுந்தது. கறுப்புப் பெயின்டுக்குக் கீழே இரும்புக்குப் பதிலாகப் பூச்சுப் பசை. நிமாய்-தா ஸ்குரூடிரைவரை அழுத்தினார். பிஸ்கெட்டில் நுழைவதுபோல் நுழைந்தது. இந்த ஊரின் ஈரக் காற்று அந்த இரும்பை முழுதாகத் தின்று, உருவத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. உரிமையாளர் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாக வந்தார்.

"இஞ்சின் எப்படின்னு கேட்டீங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னேன். சேஸிஸைப் பத்தி யாரு கேட்டா, திதி?"

இருக்கைக்கு அடியில் நத்தை

அடுத்தது, சால்ட் லேக்கில் பழைய கார்கள் விற்கும் ஒரு காட்சியறை. ஐந்து வயதான ஆட்டோமேட்டிக், வெள்ளை நிறம், உள்ளே ஏறினால் மல்லிகை வாசனை. மதுமிதாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வாசனை வரும் வண்டிகளைப் பிடிப்பதில்லை. எதையோ மறைக்கத்தான் பூ வைக்கிறார்கள். பின் இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். யாரும் அந்த நீளத்துக்கு இழுப்பதில்லை, கழுவுபவர்களும் இழுப்பதில்லை. கடைசி ஒரு சாண் பட்டையில், கோடு போட்டதுபோல் வண்டல் நிறம்.

மழைக்காலத்தில் இந்த நகரத்தில் தண்ணீர் எங்கெல்லாம் தேங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு அடித்தள வாகன நிறுத்தத்தில் இந்த வண்டி இருக்கை உயரத்துக்கு மூழ்கி நின்றிருக்கிறது. இளம் விற்பனையாளர் மறுத்தார். தரைவிரிப்பைத் தூக்க அனுமதி கேட்டேன். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்துக்கு அடியில், காய்ந்த மண்ணுக்குள், கடுகைவிடச் சற்றுப் பெரிய நத்தைக் கூடு ஒன்று முழுமையாக இருந்தது. அதன் சுருள்கள் அத்தனை துல்லியம். கதவு, ரப்பர், பூட்டு எல்லாவற்றையும் கடந்து உள்ளே வந்து குடியேறி, வாழ்ந்து முடித்திருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அந்த இளைஞர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆஃப்-ரோடு போற வண்டிதானே, மேடம்? கொஞ்சம் தண்ணி பழகியிருந்தா நல்லதுதானே!"

தந்தையின் வேண்டுகோள்

ஒரு ஞாயிறு காலை, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பெரியவர் வந்தார். மதுமிதாவின் தந்தை சந்தானம். மத்திய அரசுப் பணியில் மாற்றலாகி இங்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி காலமாகி நெடுநாள் ஆகிறது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மகள் எந்த வண்டியைக் காட்டினாலும் 'தகுதியில்லை' என்று நான் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். "நான் சொன்னா சண்டை வரும்மா. நீங்க எழுதினா நம்பிடுவா. ரெண்டு மூணு மாசம் தேடிட்டுத் தானா விட்டுடுவா" என்றார்.

வண்டியில் இல்லாத குறையை எழுத என்னால் முடியாது என்று, முடிந்தவரை மென்மையாகச் சொன்னேன். இருக்கும் குறை ஒன்றைக்கூட விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்தவர், வாசல்படியில் தன் செருப்பைத் தேடிக் குனிந்து, குனிந்தபடியே பேசினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ செருப்பை ஒரு பையில போட்டு என் கையில குடுத்தாங்க. ரெண்டையும் குடுத்தாங்கம்மா. எதை எடுத்து வைக்கிறது, எதைத் தூக்கிப் போடுறதுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

குறுக்கு விசாரணை

அலிப்பூரில் ஒரு மூத்த வழக்கறிஞர் தம் ஜீப்பை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். இருபத்திரண்டு வயது வண்டி. உள்ளங்கையை வைத்தேன்: குளிர்ச்சி. காந்தத்தை வைத்தேன்: அறைந்ததுபோல் ஒட்டியது. சேஸிஸின் கீழ்ப்புறத்தை ஆண்டுதோறும் மழைக்கு முன் தாமே துடைத்து எண்ணெய் பூசுவாராம். நிமாய்-தா அடியிலிருந்து வெளியே வர மறுத்தார். "கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருக்கேனே, திதி" என்றார். எனக்கும் அதே ஆசைதான், புடவை தடுத்தது.

இந்த ஜீப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதன் முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ் இருக்கும். சாதாரணச் சாலையில் அதைத் திறந்த நிலையில் விட்டிருப்பார்கள். அப்போது முன் சக்கரங்கள் சும்மா உருளும். சேற்றில் இறங்குமுன் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். பிறகு உள்ளே வந்து நெம்புகோலைத் தள்ளினால்தான் நான்கும் இழுக்கும். புதிய வண்டிகளில் இந்த வேலை இல்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரு திருகு.

நாங்கள் வண்டியைச் சோதித்தது அரை மணி நேரம். அவர் மதுமிதாவைச் சோதித்தது ஒரு மணி நேரம். எங்கே ஓட்டுவாய், யார் கழுவுவார்கள், வெயிலில் நிறுத்துவாயா? மதுமிதா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "ஜேட்டு, இவ்வளவு பிரியமா வச்சிருக்கீங்க, ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார். பெரியப்பா என்று அழைக்கப்பட்டதில் வழக்கறிஞர் கொஞ்சம் இளகினார். ஆனாலும் சாட்சிக் கூண்டை மறக்கவில்லை.

"கியர் மாத்தினா தோள் வலிக்குது, மா. ஆனா அது தோளோட குற்றம், வண்டியோட குற்றம் இல்லை. அதை உங்க அறிக்கையில தெளிவா பதிவு பண்ணணும்."

ஸ்டிக்கர் உரிக்கப்படாத திருகு

ஆட்டோமேட்டிக் ஒன்றும் கிடைத்தது. என் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் மருத்துவரிடம். ஆறு வயது, வீட்டிலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து வீடு. நான்கு சக்கர இயக்கத்துக்கான திருகு பொத்தானின் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மதுமிதா அதைப் பார்த்து, "ஐயோ, பாவம்" என்றார். கூண்டில் அடைத்த புலியைப் பார்த்தது போல.

ஸ்டிக்கரை உரித்துத் திருகினேன். முகப்புப் பலகையின் விளக்கு மினுங்கியது, மினுங்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் அசையாமல் கிடந்ததில், முன் அச்சை இணைக்கும் சிறிய மோட்டார் இறுகிவிட்டது. நிமாய்-தா அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, மசகு போட்டு, திரும்பப் பொருத்த மூன்று நாள் ஆயிற்று. பிறகு சரளை மண்ணில் திருகியபோது விளக்கு நிலைத்து எரிந்தது. முன் சக்கரங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக வேலை செய்தன. மாதம் ஒருமுறையாவது இதை இயக்கியிருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் விளக்கினேன். அவர் உண்மையாகவே வருந்தினார்.

"தினமும் கவனிக்கலைன்னா கெட்டுப்போகும்னு நாள் பூரா எல்லார்கிட்டயும் சொல்றேன், மேடம். பல்லுக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டேன்."

செங்கல் சூளையில்

இரண்டு வண்டிகளும் என் காகிதத்தில் தேறிவிட்டன. இனி மண்தான் சொல்ல வேண்டும். பஜ்பஜ் பக்கம் கங்கைக் கரையில் தெரிந்தவரின் செங்கல் சூளை ஒன்று உண்டு. கடலிலிருந்து ஏறிவரும் ஆற்று ஓதம் உள்ளே வந்து, செங்கல்லுக்கான களிமண்ணை விட்டுச் செல்வதற்கென்றே வெட்டிய அகலமான பள்ளங்கள் அங்கே இருக்கும். அந்த ஆண்டின் சூளை இன்னும் பற்றவைக்கப்படவில்லை. காவலாளி மூங்கிலால் சேற்றின் ஆழத்தை அளந்து முழங்கால்வரை என்றார். ஓதம் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார். வழக்கறிஞரின் சம்மதத்தோடு நிமாய்-தா இரண்டு நாள் உழைத்து ஜீப்பில் கைக் கிளட்ச் பொருத்தியிருந்தார்: கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து மிதிக்கு ஒரு கம்பி. வழக்கறிஞர் தொப்பியோடு வந்திருந்தார். சந்தானம் குடையோடு வந்து, எல்லோரிடமிருந்தும் தள்ளி நின்றார்.

மதுமிதா ஜீப்பைச் சரிவில் இறக்கினார். பள்ளத்தின் நடுவில் அது நின்றது. நெம்புகோல் நான்கு சக்கர நிலையில்தான் இருந்தது. பின் சக்கரங்கள் மட்டும் களிமண்ணை வாரி இறைத்துக்கொண்டு புதைந்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. எனக்கு உடனே புரிந்தது. குமிழ்களை யாரும் பூட்டவில்லை. சாலையில் ஓட்டி வந்ததால் நிமாய்-தா திறந்து வைத்திருந்தார். உரிமையாளர் பூட்டியிருப்பார் என்று அவர் நினைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் சேற்றில் இறங்காத உரிமையாளருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே மறந்துவிட்டது. சரிபார்க்க வேண்டியவள் நான். என் பட்டியலில் அது இருந்தது, இருந்தும் விட்டேன். "மதுமிதா! முன் சக்கரம் பூட்டலை. நான் பார்க்கலை, என் தப்பு!" என்று கத்தினேன்.

சந்தானம் குடையைப் போட்டுவிட்டு, "கயிறைப் போடுங்க! இழுங்க!" என்று ஓடிவந்தார். கயிறு தயாராகவே இருந்தது. ஆனால் மதுமிதா சன்னல் வழியாகக் கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். இரண்டாவது அடியில் செயற்கைக் கால் களிமண்ணில் இறங்கி நின்றுவிட்டது. அவர் நகர்ந்தார், அது நகரவில்லை. கழன்றுவிட்டது. சந்தானம் சேற்றில் கால் வைத்தார். "வராதே, அப்பா. நீயும் மாட்டிப்பே" என்றார் மதுமிதா, சாதாரணக் குரலில். படியில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடுங்கி, துப்பட்டாவால் ஒரு துடை துடைத்து, இருக்கையில் வைத்தார். பிறகு சேற்றில் முழந்தாளிட்டார். வலது குமிழை முதலில் திருப்பினார். கை வழுக்கியது, துப்பட்டாவைச் சுற்றித் திருப்பினார். பம்பரைப் பிடித்துக்கொண்டு முன்புறமாக, அங்குலம் அங்குலமாக, மறுபக்கம் போனார். இடது குமிழ். அதே வழியில் திரும்பி வந்தார். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. எதற்கும் நேரம் குறிக்கும் நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியில் இப்போது இடது காலுக்கு வேலையே இல்லை. வலது கால் ஒன்று போதும். கைப்பிடியை மெல்ல விட்டார். நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில், அவசரமில்லாமல், களிமண்ணைக் கவ்வின. யானை எழுவதுபோல் முதலில் பின்புறம் அசைந்தது, பிறகு முழு உடலும். இஞ்சின் சத்தம் உயரக்கூட இல்லை. சரிவில் ஏறி எங்கள் முன்னால் வந்து நின்றது. வழக்கறிஞர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.  உடம்பெல்லாம் மண்ணாக இருந்த மதுமிதா, சேற்றுக் காலோடு நின்ற தந்தையைப் பார்த்தார்.

"அப்பா, கவலைப்படாதே. கால் சீட்ல பத்திரமா இருக்கு."

நாற்பது வினாடி

ஒப்பிட வந்தோம், ஒப்பிட்டாக வேண்டும். காலைக் கழுவிப் பொருத்திக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, மதுமிதா ஆட்டோமேட்டிக்கில் ஏறினார். திருகினார், விளக்கு நிலைத்தது. அதே சரிவு, அதே பள்ளம், ஜீப் கிளறிவிட்டதால் முன்னைவிட மோசமான சேறு. சுழன்று வீணாகும் சக்கரத்தை மட்டும் கருவி தானாகப் பிடித்து நிறுத்தி, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு வலுவை அனுப்புவதைக் கேட்க முடிந்தது: கட கட கட என்று ஒரு மெல்லிய ஓசை. ஒரு மனிதர் நான்கு சக்கரங்களையும் தனித்தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் எந்த மனிதராலும் முடியாத வேகத்தில். நான் படித்த பொறியியல் முழுவதும் அந்த ஓசைக்குள் இருந்தது. மெய்சிலிர்த்தது என்று எழுதத் தயங்குகிறேன்; ஆனால் சிலிர்த்தது. நாற்பது வினாடியில் மறுகரை.

மதுமிதா கண்ணாடியை இறக்கினார். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அதற்குள் ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. ஜீப் கிடந்து போராடிய குழியும் இந்த வண்டி போட்ட நேர்கோடும் ஒரே தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நிமாய்-தாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கைக் கிளட்ச் அவர் பொருத்தியது அல்லவா?

"ஒரு அழுக்கும் ஆகலை, திதி. இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

தேர்வு

மறுநாள் மாலை மதுமிதா என் முன்னறையில் இருந்தார். அவர் ஜீப்பைத்தான் எடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அறிக்கையின் முடிவுரையைக்கூட அப்படியே எழுதிவைத்திருந்தேன். கைக் கிளட்ச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும், பதிவைப் புதுப்பிக்க எவை தேவை என்று எல்லாம். அதற்குமேல், கொஞ்சம் என்னை மறந்து, முந்தைய நாள் சூளையில் பார்த்ததை வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்றும் அவரிடம் சொன்னேன்.  அவர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். நேற்று நானே வெளியே வந்துவிட்டேன், அது எனக்குத் தெரிந்துவிட்டது, போதும் என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னார்.

"ஜீப்புல நான் வெளியே வந்தப்ப நீங்க எல்லாரும் என்னைத்தான் பார்த்தீங்க. இந்த வண்டியில போனப்ப எல்லாரும் வண்டியைப் பார்த்தீங்க. மலையில எனக்கு அதுதான் வேணும், ஆன்ட்டி. நீங்களும் இனிமே என்னை அப்படிப் பார்க்காதீங்க, ப்ளீஸ்."

வாபஸ்

வழக்கறிஞரிடம் செய்தி சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. வருந்துவார் என்று தயங்கித் தொலைபேசியில் அழைத்தேன். மூச்சிரைக்கப் பேசினார்; ஜீப்பின் சேற்றைத் தாமே கழுவிக்கொண்டிருந்தாராம், கைக் கிளட்ச்சைக் கழற்ற வேண்டாம் என்று நிமாய்-தாவிடம் சொல்லச் சொன்னார்.

"விக்கிறதா இல்லைம்மா. அது அப்படியெல்லாம் போகும்னு இத்தனை வருஷம் எனக்கு யாருமே சொல்லலையே!"

கையெழுத்து

அறிக்கையை நேரில் கொடுக்க சால்ட் லேக்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சந்தானம்தான் கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். இறுகியிருந்த மோட்டார், தேய்ந்த பின் பிரேக் கட்டைகள், வலது கதவு ரப்பரில் ஒரு விரல் நீள வெடிப்பு. வண்டியில் இருந்த குறைகள் அனைத்தும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'தகுதியுடையது' என்ற சொல்லின் மேல் அவருடைய விரல் வெகுநேரம் நின்றது.  அவர் காகிதத்தை மடித்து, மேசை மீது வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஸ்டெப்னி மாத்துறது கஷ்டமாம்மா? நிமாய் பாபுவை ஒருநாள் வரச் சொல்லுங்களேன், நான் கத்துக்கறேன். அங்க மலையில யார் இருப்பாங்க..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"உன்னை யாரும் கூப்பிடலையே, அப்பா!"

பழையதா புதியதா என்று இப்போது கேட்டு வருகிறவர்களிடம் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: முதலில் சேற்றுக்கு வந்து ஓட்டிக் காட்டுங்கள், நான் தவறான முடிவுரை எழுதிவைத்திருக்கிறேனா என்பது அதன்பிறகு தெரிந்துவிடும்.